காசு கொடுத்து வாங்கினால் முடிந்ததா?

"என் வீட்டு இகுவானாவை நான் முதுமலையில் பிடித்து வரவில்லை. மக்காவ் கிளிக்குக் கண்ணி வைக்கவில்லை. காசு கொடுத்து வாங்கினேன், பிள்ளை மாதிரி வளர்க்கிறேன். நடுவில் வனத்துறைக்கு என்ன வேலை?" வெளிநாட்டுப் பிராணி வளர்ப்பவர்களின் இந்தக் கேள்வி அவர்களோடு நின்றிருந்தால் மறுப்பே தேவைப்பட்டிருக்காது. வீட்டில் ஒரு மீன்தொட்டிகூட இல்லாதவர்களும் இன்று இதைத்தான் கேட்கிறார்கள். நாய், பூனை வளர்ப்பதுபோல இதுவும் ஒரு விருப்பம், அரசு தேவையில்லாமல் மூக்கை நுழைக்கிறது என்பது பலரும் யோசிக்காமல் ஒப்புக்கொள்ளும் கருத்தாகிவிட்டது.

எதிர்த்தரப்புக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுவோம். 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஐம்பது ஆண்டுகள் பெரும்பாலும் இந்திய உயிரினங்களைப் பற்றியே கவலைப்பட்டது. வெளிநாட்டுப் பிராணி ஒன்று சுங்கத்துறையின் கண்ணில் படாமல் உள்ளே வந்துவிட்டால், அதன் பிறகு அதை வைத்திருப்பவரைக் கேட்க அநேகமாக யாரும் இல்லை. 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமே ஒரு சலுகை கொடுத்தது: ஆறு மாதத்துக்குள் தாமாக முன்வந்து அறிவித்தால் ஆவணம் எதுவும் கேட்கப்படாது. பிறகு 2022 இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சைட்டிஸ் எனப்படும் சர்வதேச வணிக உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள இனங்கள் நான்காம் அட்டவணையில் சேர்ந்தன. 2024 பிப்ரவரி 28 அன்று விதிகள் வெளியாயின. அவற்றை வைத்திருப்போர் ஆறு மாதத்துக்குள் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்றன. நேற்றுவரை எவரும் கேட்காததை இன்று ஏன் கேட்கிறீர்கள் என்று வளர்ப்போர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நம்மூர்ப் பச்சைக்கிளியை வைத்திருந்தால் குற்றம், லட்ச ரூபாய் மக்காவ் என்றால் பதிவு எண்ணா என்ற கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. தடை போட்டால் கள்ளச்சந்தைதான் கொழுக்கும் என்ற அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், "ஆகவே சட்டம் விலகிக்கொள்ளட்டும்" என்ற இடத்துக்குப் போய்ச் சேர வழி கிடையாது. இப்போதுள்ள சட்டத்தின் கோளாறு அது கண்டிப்பாக இருப்பதல்ல, அரைகுறையாக இருப்பது. ஏன் என்பதை அவர்களுடைய வாதங்களைக் கொண்டே பார்க்கலாம்.

1. "நான் பிடிக்கவில்லை, வாங்கினேன்"

வாங்குவதற்காகத்தான் பிடிக்கிறார்கள். இதைவிட எளிய பொருளாதாரம் இல்லை. ஆப்பிரிக்க சாம்பல் கிளி மனிதர் பேச்சை அச்சாகத் திருப்பிச் சொல்லும். அந்தத் திறமையே அதற்கு எமனாயிற்று. கானாவில் 1992 க்குப் பிறகு அதன் எண்ணிக்கை 90 முதல் 99 விழுக்காடு வரை வீழ்ந்துவிட்டதாக ஆய்வாளர்கள் கணித்தார்கள். அங்கே காடு அழிந்ததும் ஒரு காரணம். ஆனால் காடு மிஞ்சியிருந்த இடத்திலும் கிளி மிஞ்சவில்லை என்றால், அதைக் கொண்டுபோனது யார்? 2016 இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சைட்டிஸ் மாநாடு இந்தக் கிளியை முதல் பின்னிணைப்புக்கு, அதாவது காட்டில் பிடித்து வணிகம் செய்யவே கூடாத பட்டியலுக்கு, ஏற்றியது.

வாங்குபவர் கையில் கண்ணி இல்லை, சரி. கண்ணி வைப்பவனுக்குக் கூலி எங்கிருந்து போகிறது? திருட்டு நகையை வாங்கியவர் "நான் திருடவில்லையே" என்றால் எந்தக் காவல் நிலையமும் கேட்டுக்கொண்டிருக்காது. பிராணி என்று வந்தால் மட்டும் அந்த வாக்கியத்துக்கு எப்படி மரியாதை வந்தது?

2. "இது காட்டில் பிடித்ததல்ல, பண்ணையில் பிறந்தது"

யார் சொன்னது? விற்றவர் சொன்னார். அவருக்கு யார் சொன்னது? அவருக்கு விற்றவர். இந்தச் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துப் போனவர்கள் என்ன கண்டார்கள் என்பதற்கு இந்தோனேசியாவின் பச்சை மலைப்பாம்பு சாட்சி. பண்ணையில் பிறந்தவை என்ற சான்றோடு ஏற்றுமதியான அந்தப் பாம்புகளில் குறைந்தது 80 விழுக்காடு காட்டில் பிடிக்கப்பட்டவை என்று 2011 இல் வெளியான ஆய்வு காட்டியது. காட்டுப் பாம்பைப் பண்ணை வழியாக அனுப்பினால் அது பண்ணைப் பாம்பாகிவிடுகிறது. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கும் அதே வித்தை.

நம் பக்கம் நிலைமை வேறா? பாங்காக்கிலிருந்து சென்னையில் வந்திறங்கும் 'குருவிகள்' எனப்படும் கடத்தல் ஆட்களின் பெட்டிகளில் பால் பைத்தான், மார்மோசெட் குரங்கு, ஆமைக்குஞ்சு என்று சுங்கத்துறை எடுக்காத மாதமில்லை. 2019 பிப்ரவரியில் ஒரு பயணியின் பெட்டியிலிருந்து ஒரு மாதச் சிறுத்தைக் குட்டியே வெளிவந்தது. அது வண்டலூர் பூங்காவுக்குப் போனது. பிடிபட்டவை இவை. பிடிபடாதவை எங்கே போகின்றன? ஏதோ ஒரு வரவேற்பறைக்கு. 2020 இன் சலுகை ஆவணமே கேட்கவில்லை என்பதால், முறையாக வந்ததும் பெட்டியில் ஒளிந்து வந்ததும் ஒரே வரிசையில் நின்று ஒரே அறிவிப்பைப் பெற்றுக்கொள்ள வழி ஏற்பட்டது. "எங்களிடம் அரசு எண் இருக்கிறது" என்று மார்தட்டுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்கட்டும்: அந்த எண் பிராணி இன்று யாரிடம் இருக்கிறது என்று சொல்லும். எங்கிருந்து வந்தது என்று சொல்லாது.

3. "வெளிநாட்டுப் பிராணியால் நம் காட்டுக்கு என்ன கேடு?"

இருக்கிற வாதங்களிலேயே இதுதான் பலவீனமானது. ஆனால் அடிக்கடி கேட்பதும் இதுதான். நம் காட்டில் இல்லாத பிராணி என்பதுதானே ஆபத்து! இங்கே அதைத் தின்ன எதுவும் பழகியிருக்காது. அதனிடமிருந்து தப்பவும் எதுவும் பழகியிருக்காது.

2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் வலை போட்டவர்களுக்கு அரபைமா சிக்கியது. அமேசான் நதியின் மீன் அது. ஆள் உயரத்துக்கு மேல் வளரும். அலிகேட்டர் கார் எனும் வட அமெரிக்க வேட்டை மீனும் கேரளத்து நீர்நிலைகளில் அகப்பட்டது. யாரும் வேண்டுமென்று விடவில்லை. தனியார் குளங்களிலும் தொட்டிகளிலும் வளர்ந்தவை. கரை உடைந்தது, போய்விட்டன. பாதுகாப்பாக வைத்திருக்கிறேன் என்று அந்த உரிமையாளர்களும் நம்பித்தான் இருந்திருப்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்கள் இதற்கு மேல் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

வெள்ளம் வரவேண்டும் என்றும் இல்லை. பாசி தின்னும் என்று மீன்தொட்டியில் விடப்படும் டேங்க் கிளீனர் மீன் வளர்ந்து தொட்டிக்கு அடங்காமல் போகும்போது அருகிலுள்ள ஏரிதான் அதற்குக் கதி. தென் அமெரிக்காவின் அந்த மீன் இன்று தமிழகத்து நீர்நிலைகளில் இனம்பெருக்கி, மீனவர் வலையைக் கிழிக்கிறது. ஐந்து ரூபாய் நாணயமளவு அழகாக விற்கப்படும் சிவப்புக்காது ஆமை சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்ததும் கோயில் குளத்துக்குப் போகிறது. உலகின் மிக மோசமான நூறு ஊடுருவல் இனங்களின் பட்டியலில் அதற்கு இடமுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் அதன் இறக்குமதியை 1997 இலேயே நிறுத்திவிட்டது. கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் வீடுகளிலிருந்து அவற்றைக் கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டிய நிலைக்கு வந்தது.

காலம் ஆனால் சரியாகிவிடும் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். 1847 இல் பென்சன் என்ற ஒரே ஒரு ஆங்கிலேயர் கல்கத்தாவில் விட்ட ஆப்பிரிக்க ராட்சத நத்தைக்கு இன்றும் நம் விவசாயிகள் உப்புப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வளர்ப்புப் பிராணியாக வந்த பர்மிய மலைப்பாம்பு எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் நிலைத்தது. 2012 இல் வெளியான ஆய்வின்படி, அது பரவிய பகுதியில் சாலையோரம் கண்ணில்படும் ரக்கூன்கள் 99.3 விழுக்காடு குறைந்தன. அந்தப் பாம்பை அமெரிக்க அரசு தடைப்பட்டியலில் சேர்த்ததும் அதே 2012 இல்தான். பாம்பு முதலில் வந்தது, சட்டம் பிறகு வந்தது. அந்த வரிசையை நாம் ஏன் காப்பியடிக்க வேண்டும்?

4. "அன்பாகப் பார்த்துக்கொள்கிறோம்"

அன்பை யார் மறுத்தார்கள்? கேள்வி அன்பைப் பற்றியதல்ல. இகுவானாவுக்குப் புறஊதாக் கதிர் வேண்டும். அது கிடைக்காவிட்டால் சுண்ணாம்புச்சத்து உடம்பில் ஒட்டாது, எலும்பு வளைந்துபோகும். அடுக்குமாடியின் குழல்விளக்கில் எவ்வளவு அன்பு கலந்தாலும் அந்தக் கதிர் வராது. மார்மோசெட் குடும்பமாக வாழும் குரங்கு. ஒற்றையாக வைப்பதே அதற்குத் தண்டனை. சுகர் கிளைடர் இரவில் மரத்துக்கு மரம் சறுக்கிப் பறப்பது. பகலில் சட்டைப்பையில் வைத்துக் காணொளி எடுப்பவர் அதன் தூக்கத்தைப் பறிக்கிறார். சாம்பல் கிளி மன அழுத்தத்தில் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். அது நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழும். நாற்பது வயதில் வாங்குகிறவர் யோசிக்கட்டும்: தனக்குப் பிறகு அதற்கு யார்?

பால் பைத்தான் பாம்பில் 'ஸ்பைடர்' என்று ஒரு வகை. கறுப்புக் கோடுகள் வலைபோல் இருப்பதால் அந்தப் பெயர். அந்த நிறத்துக்குக் காரணமான மரபணுவே நரம்புக் கோளாறையும் கொண்டுவருகிறது. தலை ஆடும், உடல் திருகிக்கொள்ளும், சில பாம்புகளால் இரையைக் குறிவைத்துக் கொத்த முடியாது. தெரிந்தே அந்த நிறத்தை இனம்பெருக்கி விற்கிறார்கள். அன்புக்கு இதில் எந்த இடம்?

அன்பு தீர்ந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2022 ஏப்ரலில் வடக்கு வங்காளத்தில் கங்காருக்கள் கேட்பாரற்றுத் திரிந்தன. ஆஸ்திரேலியாவின் பிராணி சிலிகுரிக்குப் பக்கத்துச் சாலைக்குத் தானாக நடந்து வரவில்லை.

5. "யாருக்கும் தொந்தரவு இல்லையே"

தொந்தரவு வரும்வரை எதற்கும் தொந்தரவு இல்லை. 2003 இல் கானாவிலிருந்து டெக்சஸுக்குச் சென்ற ஏறத்தாழ 800 சிறு பாலூட்டிகளோடு குரங்கம்மையும் சென்றது. கடை ஒன்றில் ஆப்பிரிக்க எலிகளுக்கு அருகே வைக்கப்பட்ட புல்வெளி நாய்கள் எனும் கொறிப்பான்களுக்குத் தொற்றி, அவற்றை வாங்கிய குடும்பங்களுக்கு வந்தது. ஆறு மாநிலங்களில் 47 பேர். அதற்கு முன் அதே நாட்டில் ஆமைக்குஞ்சுகளிடமிருந்து ஆண்டுக்கு 2,80,000 பேருக்கு சால்மொனெல்லா தொற்றியதாக மதிப்பிடப்பட்டது; பெரும்பாலும் குழந்தைகள். 1975 இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்கத் தடை வந்தது.

2011 அக்டோபரில் ஓஹையோ மாநிலத்தின் சேன்ஸ்வில் ஊரில் ஒருவர் தன் கூண்டுகளைத் திறந்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். மறுநாள் முடிவதற்குள் காவலர்கள் சிங்கங்களையும் கரடிகளையும் 18 புலிகளையும் சுட்டுக்கொல்ல நேர்ந்தது. அந்த மாநிலத்தில் அதுவரை அவற்றை வைத்திருக்கத் தடையில்லை. அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. என் வீடு, என் கூண்டு, என் பணம் என்ற தத்துவத்தின் கடைசிக் கணக்கை அன்று தீர்த்தவர்கள், அந்தக் கூண்டில் ஒரு ரூபாய்கூடப் போடாத காவலர்களும் ஊராரும்.

6. "பச்சைக்கிளிக்கு ஒரு நீதி, மக்காவுக்கு ஒரு நீதியா?"

ஒப்புக்கொள்கிறேன். 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் கடலூர்த் தொகுதியில் ஒரு வேட்பாளருக்குச் சீட்டெடுத்த கிளி ஜோசியக்காரரை வனத்துறை பிடித்தது, கிளிகள் பறிமுதலாயின. அதே நேரத்தில் மக்காவை வைத்திருந்தவருக்கோ இணையதளத்தில் படிவம் திறந்திருந்தது. ஏழைக்கு ஒன்று, வசதிக்காரருக்கு ஒன்று என்றுதான் இது தெரிகிறது.

ஆனால் இந்த அநீதிக்கு மருந்து என்ன? பச்சைக்கிளியையும் கூண்டில் அடைக்க விடுவதா, மக்காவுக்கும் அதே அளவுகோலைக் கொண்டுவருவதா? இந்த வாதத்தை எழுப்புகிறவர்கள் முதலாவதைக் கேட்பதற்குக் கூசுகிறார்கள், இரண்டாவதைக் கேட்பதற்கு விரும்பவில்லை. சமநீதி பேசி, சலுகையைத் தக்கவைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. நான்காம் அட்டவணை சைட்டிஸ் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டது. சர்வதேச வணிகத்தால் ஓர் இனம் அழியுமா என்பதுதான் சைட்டிஸ் கேட்கும் கேள்வி. அந்தப் பிராணி ஒரு வீட்டில் வாழுமா, தப்பினால் நம் ஏரியில் பெருகுமா, நோய் தருமா என்று அது கேட்பதில்லை. அது அதன் வேலையும் இல்லை. அதனால் சுகர் கிளைடரும் சிவப்புக் கங்காருவும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. ஊடுருவும் அயல் இனங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை 62ஏ பிரிவு மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. கொடுத்த அதிகாரத்தைப் பயன்படுத்தக் கேட்பதுதான் உண்மையான சமநீதிக் குரல்.

7. "தடை போட்டால் கள்ளச்சந்தை வளரும்"

வளர்ந்ததா என்று பார்த்துவிடலாமே. பறவைக் காய்ச்சலையொட்டி 2005 இல் ஐரோப்பிய ஒன்றியம் காட்டுப் பறவைகளின் இறக்குமதியை நிறுத்தியது. 2007 இல் அதை நிரந்தரமாக்கியது. சைட்டிஸ் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது: ஆண்டுக்குச் சுமார் 13 லட்சமாக இருந்த உலகக் காட்டுப் பறவை வணிகம் சுமார் 1.3 லட்சமாகக் குறைந்தது. வணிகத்தில் ஒரு பகுதி வேறு நாடுகளை நோக்கித் திரும்பியது என்பதையும் அதே ஆய்வு சொன்னது. அதற்கு விடை, அந்த வேறு நாடுகளும் கதவை மூடுவது. அந்த நாடுகளில் ஒன்றாக நாம் இருக்க வேண்டுமா?

கடத்தி வந்த பிராணிக்குச் சிறந்த மறைவிடம் காடோ கிடங்கோ இல்லை; சட்டபூர்வமான கடை. விற்பனை வெளிப்படையாக நடக்கும் இடத்தில்தான் எது கடத்தல், எது இல்லை என்று எவராலும் சொல்ல முடியாமல் போகிறது.

8. "அழியும் இனங்களைக் காப்பதே தனியார்தான்"

இவர்கள் கையிலுள்ள மிக வலுவான சீட்டு ஸ்பிக்ஸ் மக்காவ். பிரேசிலில் கடைசியாக அறியப்பட்ட காட்டுப் பறவை 2000 இல் காணாமல் போனது. சேகரிப்பாளர்களின் கூண்டுகளில் எஞ்சிய பறவைகளின் வழிவந்த எட்டு, 2022 ஜூனில் பாஹியா மாநிலத்தின் வானத்தில் விடப்பட்டன. உண்மை. ஆனால் வாழிடம் ஏற்கெனவே சுருங்கிப்போன அந்த இனத்தின் கடைசிப் பறவைகளை மரப்பொந்திலிருந்து எடுத்தவர்கள் யாருக்காக எடுத்தார்கள்? அதே சேகரிப்பாளர்களின் சந்தைக்காக. தீ வைத்தவன் வீட்டில் மிச்சமிருந்த ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் நன்றி சொல்லலாம்; தீவைப்பைச் சட்டபூர்வமாக்க முடியாது.

இனம் காக்கும் வளர்ப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க நாம் பிரேசிலுக்குப் போக வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1976 முதல் முதலைப் பண்ணை இருக்கிறது. முதலைகளைப் பெருக்கிக் காப்பதையே நோக்கமாகக் கொண்டு, அறிவியல் துணையோடு, உரிமத்துக்கும் ஆய்வுக்கும் உட்பட்டு நடப்பது அது. வரவேற்பறை இகுவானா எந்தக் காட்டுக்குத் திரும்பப்போகிறது?

அப்படியானால் என்ன வேண்டும்? எவையெல்லாம் கூடாது என்று பட்டியல் போட்டுக்கொண்டே போவதில் அரசு எப்போதும் சந்தைக்குப் பின்னால்தான் ஓடும். ஒன்றைத் தடுத்தால் வியாபாரி அடுத்ததை இறக்குவார். எவை கூடும் என்று பட்டியல் போட வேண்டும். பெல்ஜியம் பாலூட்டிகளுக்கு இதைச் செய்து, 42 இனங்களை மட்டும் அனுமதித்தது. வணிகர்கள் வழக்குப் போட்டார்கள்; 2008 இல் ஐரோப்பிய நீதிமன்றம், அளவுகோல் புறவயமானதாகவும் பட்டியலில் சேர்க்கக் கோரும் வழி திறந்தும் இருந்தால் இத்தகைய பட்டியல் செல்லும் என்றது. நெதர்லாந்து 2024 ஜூலை 1 முதல் 30 பாலூட்டி இனங்களோடு நிறுத்திக்கொண்டது. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் மற்றவற்றை யாரும் பிடுங்கவில்லை: அவை வாழ்ந்து முடிக்கலாம், இனம்பெருக்கக் கூடாது.

இதையே இங்கும் கேட்கலாம். அனுமதிப் பட்டியல் ஒன்று. பதிவாகும் ஒவ்வொரு பிராணிக்கும் வளையமோ மைக்ரோசிப்போ. வளர்க்க முடியாதவர்கள் பயமில்லாமல் ஒப்படைக்க மாவட்டத்துக்கு ஒரு காப்பிடம். தண்டனையின் பாரம் பதினெட்டு வயதுப் பையன்மேல் விழாமல், அவனுக்கு ஆமைக்குஞ்சை விற்ற கடைக்காரர்மேலும் அதைக் கொண்டுவந்த வலைப்பின்னல்மேலும் விழுவது.

இதில் மாறுவது நிரூபிக்கும் பொறுப்பு. ஒரு பிராணியால் கேடு என்று அரசு நிரூபிக்கும்வரை அதை விற்கலாம் என்பது இன்றைய நிலை. நிரூபணம் கிடைக்கும்போது அரபைமா ஆற்றில் இருக்கிறது. கேடில்லை, இங்கே நன்றாக வாழும், எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்று இதோ என்று விற்க வருபவர் காட்டட்டும். ஒரு மாத்திரையை விற்பவரிடம் இதைக் கேட்கத் தயங்காத சமூகம், உயிரை விற்பவரிடம் கேட்டால் அது அத்துமீறல் ஆகாது.